கையில் 13½ பென்ஸ்: விக்டோரியா காலத்து நோயாளி எந்த மருந்தை வாங்கியிருக்க வேண்டும்?

விக்டோரியா காலத்து இங்கிலாந்தைப் பற்றிப் படிப்பவர்களும், அதைக் களமாக வைத்துக் கதை எழுதுபவர்களும், மொழிபெயர்ப்பவர்களும் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். செய்தித்தாளில் பத்தி பத்தியாக வந்த மாத்திரை விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாமே ஊரை ஏய்க்கும் வேலையாகத் தெரிகிறது. அந்த நூற்றாண்டின் முற்பாதியில் டாக்டர்கள் அள்ளிக் கொடுத்த பாதரசத்தைப் பார்த்தால், மாத்திரைக்காரனே தேவலை என்று படுகிறது. அப்படியானால் அந்தக் காலத்து நோயாளி எதைத்தான் வாங்கியிருக்க வேண்டும்?

"எல்லாமே போலி" என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அவற்றில் சில நன்றாகவே வேலை செய்தன. உயிரைக் குடித்தவை பெரும்பாலும் அந்த வேலை செய்த மருந்துகள்தான். வேலை செய்யாதவை காசையும் நாளையும் மட்டும் தின்றன. இந்த இரண்டு வகை நஷ்டத்தையும் தனித்தனியாக எடைபோட்டால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும்.

கணக்குப் போட வசதியாக: 4 ஃபார்த்திங் ஒரு பென்னி, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. நாம் பேசப்போவது சுமார் 1860 முதல் 1900 வரையிலான காலம்.

## அந்த விசித்திரமான விலை

அன்றைய பேட்டன்ட் மருந்துகளின் விலைகள் எல்லாம் ஒரே மாதிரி அரைகுறையாக நிற்கும்: 1 ஷில்லிங் 1½ பென்ஸ், 2 ஷில்லிங் 9 பென்ஸ், 4 ஷில்லிங் 6 பென்ஸ், 11 ஷில்லிங். காரணம் வரி. 1783-ல் தொடங்கி 1812-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒரு ஷில்லிங் வரையிலான மருந்துக்கு 1½ பென்ஸ், 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரை 3 பென்ஸ், 4 ஷில்லிங் வரை 6 பென்ஸ், 10 ஷில்லிங் வரை ஒரு ஷில்லிங் என்று தீர்வை முத்திரை ஒட்ட வேண்டும். வரிக்கு முந்தைய விலையோடு முத்திரையைக் கூட்டிப் பாருங்கள், மேலே சொன்ன விலைகள் அப்படியே வந்து நிற்கும்.

வாரம் 14 ஷில்லிங் கூலி வாங்கும் ஒரு பண்ணையாளுக்கு நாள் கூலி 28 பென்ஸ். ஆக, 1 ஷில்லிங் 1½ பென்ஸ், அதாவது 13½ பென்ஸ் விலையுள்ள ஒரு டப்பா மாத்திரை ஏறக்குறைய அரை நாள் உழைப்பு.

இதில் ஏமாறும் இடம் இரண்டு. டப்பாவின் வாயில் ஒட்டியிருந்த முத்திரையை அரசாங்கமே அந்த மருந்துக்குக் கொடுத்த சான்றிதழ் என்று மக்கள் நம்பினார்கள். பிற்காலத்தில் "இது அரசின் உத்தரவாதம் அல்ல" என்று முத்திரையிலேயே அச்சிட வேண்டி வந்தது. இரண்டாவது, 'பேட்டன்ட்' என்ற பெயர். காப்புரிமை வாங்க வேண்டுமானால் சேர்மானத்தை வெளியிட்டாக வேண்டும். அதனாலேயே இவற்றில் பெரும்பாலானவை காப்புரிமை வாங்கவில்லை. பெயரையும் புட்டியின் வடிவத்தையும் காத்துக்கொண்டார்கள், உள்ளே இருந்ததை ரகசியமாகவே வைத்தார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. ஒரு வேளைக்கு என்ன ஆகிறது? டப்பா விலை கண்ணைக் கட்டும். வேளைக் கணக்குதான் உண்மை சொல்லும்.
2. உள்ளே இருக்கும் சரக்கு எந்த நோய்க்கு நிஜமாகவே கேட்கும்?
3. ஒவ்வொரு வேளையும் ஒரே அளவுதானா? முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒன்றா?
4. தவறினால் என்ன ஆகும்: வயிற்றுக் கடுப்பா, பழக்கத்துக்கு அடிமையாவதா, மரணமா?
5. இதை வாங்கிக்கொண்டு காத்திருக்கும் நாட்களில் வேறு எது கைநழுவிப் போகிறது?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்துச் சாவுகளில் பலவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

| வகை | விலை | உள்ளே இருந்தது | உண்மையான பலன் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பேதி மாத்திரை (பீச்சம், ஹாலோவே, மாரிசன்) | 1 ஷி. 1½ பெ. | கரியபோளம் (உலர்ந்த கற்றாழைப் பால்), சுக்கு, சோப்பு போன்றவை | மலச்சிக்கல் | குடல் சோம்பல். குடல்வால் அழற்சியில் ஆபத்து |
| அபின் மருந்து (காட்ஃப்ரே, வின்ஸ்லோ, குளோரோடைன்) | சில பென்ஸ் முதல் | அபின் அல்லது மார்ஃபின் | வலி, இருமல், சாதாரணப் பேதி | பழக்கம். குழந்தை மரணம் |
| இரும்பு, அயோடைடு (பிங்க் மாத்திரை, கிளார்க் கலவை) | 2 ஷி. 9 பெ. | அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்), பொட்டாசியம் அயோடைடு | சோகை, முற்றிய மேகநோய் (சிஃபிலிஸ்) | கடைச் சரக்கைவிடப் பல மடங்கு விலை |
| மின்சாரக் கச்சை | கினிக் கணக்கு | துத்தநாகமும் செம்பும் | இல்லை | முழுப் பணமும் |
| 'பெண்களுக்கான' மாத்திரை | விற்பவர் வைத்தது | பெரும்பாலும் பேதி மருந்து | சொன்ன வேலைக்கு இல்லை | விஷம், மிரட்டல், சிறை |
| மருந்துக் கடைக்காரரின் கைச்சரக்கு | ஒரு பென்னி முதல் | மேற்கண்ட அதே சரக்குகள் | அதே பலன் | கடைக்காரரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது |

## பேதி மாத்திரைகள்: காசுக்குக் கேடு, உயிருக்கு அவ்வளவாக இல்லை

லங்காஷயரின் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் தாமஸ் பீச்சம் என்ற முன்னாள் ஆட்டிடையர் விற்ற மாத்திரைதான் இந்த வகையின் ராஜா. "ஒரு டப்பா ஒரு கினி பெறும்" என்பது 1859-லிருந்து அதன் விளம்பர வாசகம். பித்தம், தலைவலி, தலைச்சுற்றல், மூச்சிரைப்பு முதல் கெட்ட கனவு வரை தீரும் என்றது விளம்பரம். 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் வெளியிட்ட பகுப்பாய்வில் கிடைத்தவை மூன்றே சரக்குகள்: கரியபோளம், சுக்கு, சோப்பு. 56 மாத்திரை கொண்ட டப்பாவில் சரக்கின் அடக்கம் அரை ஃபார்த்திங். அதாவது வாங்குபவர் கொடுத்த காசில் 108-ல் ஒரு பங்குதான் மருந்து. மீதியில் விளம்பரமும் வரியும் லாபமும். (அந்த லாபத்தில் ஒரு பகுதி பின்னாளில் பேரன் சர் தாமஸ் பீச்சம் வழியாக லண்டன் ஆபராவுக்குப் போனது என்பது வேறு கதை.)

சேர்மானத்தை மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. கரியபோளம் பெருங்குடலில் வேலை செய்யும். 8 முதல் 12 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் படுக்கப் போகும்போது விழுங்கச் சொன்னார்கள். அது தரும் வயிற்றுக் கடுப்பைச் சுக்கு தணிக்கும். சோப்பு, சரக்கைத் திரட்டி உருட்ட உதவும், உள்ளே போனதும் கரையவும் விடும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கரியபோளமும் சுக்கும் வாங்கத் தெரிந்தவருக்கு இதில் ரகசியம் ஏதுமில்லை.

வேளைக் கணக்குப் பார்த்தால் ஒரு மாத்திரை ஏறக்குறைய ஒரு ஃபார்த்திங். 9½ பென்ஸ் விலையில் ஒரு சின்ன டப்பாவும் இருந்தது. அதிலும் வரி அதே 1½ பென்ஸ்தான். பெரிய டப்பாவில் ஒன்பதில் ஒரு பங்காக இருக்கும் வரி, சின்னதில் ஆறில் ஒரு பங்கை நெருங்கிவிடும். சில்லறையாக வாங்குபவருக்கே சுமை அதிகம்.

ஹாலோவே மாத்திரையும் இதே குடும்பம்தான்: கரியபோளத்தோடு ரேவல்சின்னி, சுக்கு, இலவங்கப்பட்டை, ஏலம், குங்குமப்பூ என்று கொஞ்சம் வாசனை கூட்டியிருந்தார்கள். 1837-ல் களிம்போடு தொடங்கிய தாமஸ் ஹாலோவே, 1883-ல் சாகும்போது ஆண்டுக்கு 50,000 பவுண்டு விளம்பரத்துக்குச் செலவு செய்துகொண்டிருந்தார். லண்டனுக்கு வெளியே இன்றும் நிற்கும், பெண்கள் கல்லூரியாகத் தொடங்கிய ராயல் ஹாலோவே கல்லூரிக் கட்டடம் அந்தப் பணம்தான். கல்லூரி நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு செங்கல்லுக்கும் யாரோ ஒருவர் தேவைக்கு மேல் பேதிக்குப் போயிருக்கிறார்.

மாரிசன் மாத்திரை மட்டும் தனி. ஜேம்ஸ் மாரிசன், 1828-ல் 'பிரிட்டிஷ் ஆரோக்கியக் கல்லூரி' என்று பெயர்ப்பலகை மாட்டி விற்ற மாத்திரையில் கரியபோளத்தோடு மக்கி என்ற மஞ்சள் பிசினும் பேய்க்குமட்டியும் சேர்ந்திருந்தன. இரண்டும் முரட்டுப் பேதி. நோய்க்கெல்லாம் காரணம் கெட்ட ரத்தம், அது போகும்வரை விழுங்கு, குணமாகாவிட்டால் இன்னும் விழுங்கு என்பது அவருடைய சித்தாந்தம். பேதியால் தளர்ந்தவருக்கு மருந்தே பேதி. 1836-ல் அவருடைய விற்பனை முகவர் ஒருவர், மாத்திரை தின்று இறந்தவர் விஷயத்தில் கொலையாகாத மரணக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டு 200 பவுண்டு அபராதம் கட்டினார். அதற்குப் பிறகும் மாத்திரை விற்றுக்கொண்டுதான் இருந்தது.

எப்போது சரி? வெள்ளை ரொட்டியும் தேநீரும் உருளைக்கிழங்கும் தின்று வயிறு கட்டியவருக்கு, எப்போதாவது, இரண்டு பீச்சம் மாத்திரை. எப்போது கூடவே கூடாது? வலப்பக்க அடிவயிற்றில் வலி, வாந்தி, காய்ச்சல் இருந்தால். 1886-ல்தான் ரெஜினால்ட் ஃபிட்ஸ் குடல்வால் அழற்சியைத் தெளிவாக விவரித்தார். அதுவரை "வயிறு கட்டிக்கொண்டது" என்று பேதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குடல் வேகமாக அசையும்போது அழுகிய குடல்வால் கிழிந்து சீழ் வயிறெங்கும் பரவும். தினமும் விழுங்கியவருக்கு இன்னொரு சிக்கல்: நாளடைவில் மாத்திரை இல்லாமல் முடியாது என்ற நிலை வரலாம். கம்பெனிக்கு அதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

## அபின் மருந்துகள்: சொன்னதைச் செய்தவை, அதனாலேயே கொன்றவை

இந்தப் பிரிவில்தான் முடிவெடுப்பது உண்மையிலேயே கஷ்டம். அபின் வலியைக் குறைக்கும், இருமலை அடக்கும், பேதியை நிறுத்தும், தூங்க வைக்கும். அன்றைய மருந்துப் பெட்டியில் இவ்வளவு நிச்சயமாகக் கேட்ட சரக்கு வேறு எதுவும் அநேகமாக இல்லை. மூன்று வடிவங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லாடனம். சாராயத்தில் ஊறிய அபின். பெயரை ஒளிக்காத சரக்கு. பெரியவருக்கு 5 முதல் 40 மினிம் வரை அளவு (ஒரு மினிம் ஏறக்குறைய ஒரு சொட்டு). 1868 வரை மளிகைக் கடையிலும் கிடைத்தது. அந்த ஆண்டு வந்த மருந்தக சட்டத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற கடைக்காரர் மட்டுமே விற்கலாம்; புட்டியில் 'விஷம்' என்றும் கடையின் பெயர் முகவரியும் இருக்க வேண்டும்.

குளோரோடைன். இதற்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் பணியாற்றிய ராணுவ டாக்டர் ஜான் காலிஸ் பிரவுன் காலராவுக்காகச் சேர்த்த கலவை இது: மார்ஃபின், குளோரோஃபார்ம், கஞ்சா டிங்சர், பாகு, புதினா எண்ணெய். 1856 முதல் லண்டன் மருந்தாளர் ஜே. டி. டேவன்போர்ட் விற்றார். போட்டிக்கு ஃப்ரீமேன் குளோரோடைன், டவுல் குளோரோடைன் என்று முளைத்தன. 1864-ல் வழக்கு நடந்தது; கண்டுபிடித்தவர் பிரவுன்தான் என்று நீதிபதி சொன்னதை டேவன்போர்ட் பல ஆண்டுகள் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்.

இருமலுக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் நல்ல மருந்து. காலராவுக்கு இல்லை. காலராவில் ஆளைக் கொல்வது நீரிழப்பு. அபின் குடலின் அசைவைக் குறைக்குமே தவிரப் போன நீரையும் உப்பையும் திருப்பித் தராது. சரியான வழியை ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் தாமஸ் லாட்டா 1832-லேயே செய்து காட்டியிருந்தார்: ரத்தக் குழாயில் உப்புநீர் ஏற்றுவது. தொடர்ந்து எடுத்துச் செல்வார் இல்லாமல் அது மறக்கப்பட்டுவிட்டது.

குளோரோடைனில் அளவு எங்கே தவறும்? குளோரோஃபார்ம் தண்ணீரைவிட கனமானது. கெட்டிப் பாகு அதைத் தாங்கிப் பிடிக்கும். பாகு இளகலாக இருந்தாலோ, புட்டி நெடுநாள் அசையாமல் நின்றாலோ சரக்கு பிரியும். மேலே இருந்து பத்து சொட்டு எடுத்துப் பழகியவர், புட்டியின் அடியிலிருந்து அதே பத்து சொட்டை எடுத்தால் அது அதே மருந்து அல்ல. குலுக்காமல் ஊற்றக் கூடாது.

குழந்தைகளுக்கான 'சாந்தப்படுத்தும்' பாகுகள். இதில் தயக்கத்துக்கு இடமில்லை: எந்த விலைக்கும் வேண்டாம்.

காட்ஃப்ரே கார்டியல் என்பது அபினும் வெல்லப்பாகும் சசாஃப்ராஸ் மரப்பட்டை வாசனையும். அது யாருடைய தனிச் சரக்கும் அல்ல. ஒவ்வொரு மருந்துக் கடைக்காரரும் தன் கைப்போக்கில் காய்ச்சினார். ஒரு கடையின் காட்ஃப்ரே இன்னொரு கடையினுடையதைவிடப் பல மடங்கு வீரியமாக இருந்தது. விபத்து நடந்த விதம் பெரும்பாலும் இப்படித்தான்: ஆலை வேலைக்குப் போகும் தாய், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பிள்ளையை விடுகிறாள், பாட்டி வழக்கமான கடை மூடியிருந்ததால் வேறு கடையில் வாங்குகிறாள், அதே அரைக் கரண்டியைக் கொடுக்கிறாள். இல்லையென்றால், அபின் அடியில் படிந்த பழைய புட்டியின் கடைசிக் கரண்டி. கைக்குழந்தை இரண்டே சொட்டு லாடனத்தில் இறந்த சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன.

அமெரிக்காவிலிருந்து வந்த திருமதி வின்ஸ்லோ பாகு, 1849-ல் மெய்ன் மாநிலத்தின் பேங்கர் நகரில் பிறந்தது. ஒரு திரவ அவுன்ஸில் 65 மில்லிகிராம் மார்ஃபின். ஓர் அவுன்ஸை எட்டுத் தேக்கரண்டியாகப் பிரித்தால் கரண்டிக்கு 8 மில்லிகிராம். ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு கரண்டி, நாளுக்கு மூன்று நான்கு முறை என்றது லேபில். எல்லாக் குழந்தையும் ஏன் சாகவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அதிக அளவால் ஒரேயடியாக இறந்தவை கொஞ்சம். மெல்ல மெல்ல இறந்தவைதான் அதிகம்: அபின் பசியைக் கொல்லும், குழந்தை பால் கேட்காது, தூங்கிக்கொண்டே வற்றிப்போகும். இறப்புப் பதிவில் 'பலவீனம்' அல்லது 'வலிப்பு' என்று எழுதுவார்கள். அபின் என்ற சொல் எங்கும் வராது.

சட்டம் இங்கே ஒரு வேடிக்கை செய்தது. 1868 சட்டம் 'பேட்டன்ட் மருந்து'களுக்கு விலக்குக் கொடுத்தது. விளைவு: வெறும் லாடனம் 'விஷம்' என்ற லேபிலோடு வந்தது, அதே அபினைச் சுமந்த பேட்டன்ட் புட்டி ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் வந்தது. 1892-ல் டேவன்போர்ட் மீது தொடரப்பட்ட வழக்கில் அவர் தோற்ற பிறகுதான் குளோரோடைனும் 'விஷம்' என்ற லேபில் தாங்கியது. ஆகவே 1892-க்கு முன் பெரியவர் ஒருவருக்கு அபின் தேவைப்பட்டால், அலங்காரப் பெயருள்ள புட்டியைவிட அசிங்கமான லேபில் ஒட்டிய லாடனமே பாதுகாப்பு. அதில் என்ன இருக்கிறது என்பதாவது தெரியும்.

பழக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் இருமலுக்குக் குடித்தவர் நிறுத்தலாம். மூட்டுவலிக்கு ஓர் ஆண்டு குடித்தவரால் முடியாது. நிறுத்தினால் பேதியும் வலியும் தூக்கமின்மையும் திரும்ப வரும், மருந்து இன்னும் தேவை என்று அவரே நம்பிவிடுவார். நீண்ட கால வலிக்கு இந்தப் புட்டியின் உண்மை விலை, லேபிலில் உள்ளதைவிட எப்போதும் பல மடங்கு.

## இரும்பும் அயோடைடும்: சரியான மருந்து, தவறான விலை

1890-களில் கனடாவிலிருந்து பரவிய 'வெளிறியவர்களுக்கான டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் மாத்திரை'யின் சாரம் இரும்பு சல்ஃபேட், அதாவது நம் அன்னபேதி. ஆலையிலும் வீட்டு வேலையிலும் இருந்த இளம்பெண்களுக்கு அன்று பரவலாக இருந்த சோகைக்கு இரும்பு நிஜமாகவே மருந்து. சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரம் செய்யும் வேலையும் அதுதான்.

ஆனால் 30 மாத்திரை 2 ஷில்லிங் 9 பென்ஸ். ஒன்று ஒரு பென்னிக்கும் மேல். 1832 முதலே தெரிந்திருந்த ப்ளோ மாத்திரை இதே சேர்மானம்தான். எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைத்தது. பக்கவாதமும் தீரும் என்ற விளம்பரத்துக்குத்தான் மீதிக் காசு. இரும்பு மாத்திரை காற்றுப் பட்டால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து வீரியம் குறையும். கடல் கடந்து வந்து அலமாரியில் கிடந்த டப்பாவைவிட, கடைக்காரர் அந்த வாரம் உருட்டியதே மேல்.

லிங்கன் நகரத்திலிருந்து வந்த கிளார்க் 'உலகப் புகழ்' ரத்தச் சுத்திக் கலவையில் வேலை செய்யும் சரக்கு பொட்டாசியம் அயோடைடு. முற்றிய மேகநோயின் கட்டிகளை அது கரைக்கும்; டாக்டரும் அதையேதான் கொடுப்பார். வெட்கத்தால் டாக்டரிடம் போகாதவருக்கு 'ரத்தச் சுத்தி' என்ற பெயர் ஒரு திரை. அயோடைடு சிலருக்கு மூக்கொழுகலும் பருக்களும் தரும். அதைக் கண்டு நிறுத்த வேண்டியவர், கெட்டது வெளியேறுகிறது என்று இன்னும் குடிப்பார். புட்டி 2 ஷில்லிங் 9 பென்ஸ்; ஆறு மடங்கு கொண்ட பெட்டி 11 ஷில்லிங். கணக்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் ஆறு புட்டியை வாங்கி வைத்தவர், இரண்டாவதிலேயே பலனில்லை என்று தெரிந்தாலும் ஆறாவது வரை போவார்.

## ஈனோவும் மின்சாரக் கச்சையும்

ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோவின் பழ உப்பில் பழம் இல்லை. சமையல் சோடாவும் பழப் புளிப்பு அமிலங்களும். தண்ணீரில் பொங்கும், நெஞ்செரிச்சலைத் தணிக்கும். அதற்கு மட்டும் என்றால் நியாயமான சரக்கு. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் இன்றும் தொங்குகிறது. காய்ச்சலையும் தடுக்கும் என்ற அன்றைய பேச்சைத் தள்ளிவிடலாம்.

கச்சைக்கு இவ்வளவு இடமும் தேவையில்லை. துத்தநாகமும் செம்பும் ஈரத்தில் தொட்டால் மெல்லிய மின்னோட்டம் வரும். உடலுக்குள் அது எதையும் குணமாக்காது. லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் ஹார்னஸ் என்பவர் விற்ற கச்சையின் வண்டவாளம் 1893 வாக்கில் தண்டவாளம் ஏறியது. கினிக் கணக்கில் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது, குளிர்காலத்தில் இடுப்புக்கு ஒரு கதகதப்பு.

## 'பெண்களுக்கான' மாத்திரைகள்

"எல்லாத் தடையையும் நீக்கும்" என்று விளம்பரத்தில் வந்தால் அதன் பொருள் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெரியும்: கருக்கலைப்பு. பீச்சம் விளம்பரத்திலேயே அந்தச் சாயல் உண்டு. பெரும்பாலானவை கரியபோளம், இரும்பு, புதினா இனத்துப் பென்னிராயல். கருவைக் கலைக்கும் அளவுக்குப் போனால் தாயின் உயிரும் போகும்.

இந்தப் பிரிவில் மறைந்த செலவுதான் எல்லாமே. 1861 சட்டப்படி கருக்கலைப்புக்கு முயன்ற பெண்ணே குற்றவாளி. ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆகவே மாத்திரை ஏமாற்று என்று தெரிந்தாலும் புகார் சொல்ல முடியாது. 1898-ல் கிரைம்ஸ் சகோதரர்கள் மூவர் இந்த ஓட்டையைத் தொழிலாகவே ஆக்கினார்கள். 'லேடி மான்ட்ரோஸ்' என்ற பெயரில் தபாலில் மாத்திரை விற்று, வாங்கிய பெண்களின் முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கானோருக்கு மிரட்டல் கடிதம் அனுப்பினார்கள். மாட்டி, அந்த டிசம்பரில் தண்டனை பெற்றார்கள்.

1890-களில் ஷெஃபீல்டுப் பக்கம் பரவிய இன்னொரு வழி இன்னும் கொடியது: காயத்துக்குப் போடும் ஈயக் களிம்பான டயாக்கிலானைச் சுரண்டி உருட்டி விழுங்குவது. கையில் ஒரு பென்னி இருந்தால் போதும். ஈறில் நீலக் கோடு, தாங்க முடியாத வயிற்று வலி, துவண்ட மணிக்கட்டு, சிலருக்குப் பார்வை இழப்பு.

## டப்பாவுக்கு வெளியே: கடைக்காரரும் டாக்டரும்

பேட்டன்ட் மருந்தோடு ஒப்பிட வேண்டிய முதல் ஆள் டாக்டர் அல்ல, தெருமுனை மருந்துக் கடைக்காரர். ரகசியச் சேர்மானம், தனிப்பெயர், இன்ன நோய் தீரும் என்ற விளம்பரம் இவற்றுக்குத்தான் முத்திரை வரி. "ஒரு பென்னிக்குக் கரியபோள மாத்திரை கொடுங்கள்" என்று பெயரில்லாமல் கேட்டால் வரியும் இல்லை, விளம்பரச் செலவும் இல்லை. மேலே பார்த்த நல்ல சரக்குகள் எல்லாம் இங்கே கிடைக்கும். பலவீனம் ஒன்றுதான்: கையால் உருட்டிய மாத்திரை ஒன்றுக்கொன்று மாறும், தராசு எவ்வளவு சுத்தமோ மருந்தும் அவ்வளவுதான். கரியபோளத்தில் அது பெரிய விஷயமில்லை. அபினில் அதுவே உயிர்ப் பிரச்சினை.

டாக்டர் கொடுத்த மருந்தும் பல நேரம் அதே அபின்தான். டோவர் தூள் என்பதில் பத்தில் ஒரு பங்கு அபின். டாக்டர் வேறுபடுவது மருந்தில் அல்ல: முறிந்த எலும்பு, சிக்கிய குடலிறக்கம், பிரசவத்தில் ரத்தப்போக்கு, அம்மைத் தடுப்பூசி. இவற்றுக்கு எந்த டப்பாவும் மாற்று இல்லை. காய்ச்சலுக்கும் சயரோகத்துக்கும் அவரிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை.

காசில்லாதவருக்கு வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையோடு. ஆட்ஃபெல்லோஸ், ஃபாரஸ்டர்ஸ் போன்ற பரஸ்பர சங்கங்களில் சந்தா கட்டினால் சங்க டாக்டர் பார்ப்பார். பெரும்பாலும் உறுப்பினரான ஆணை மட்டும், மனைவி மக்களை அல்ல. வாரம் ஒரு பென்னி கட்டும் மருந்தகங்கள் நகரங்களில் இருந்தன. தர்ம ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாளர் ஒருவரின் கடிதம் வேண்டும். ஏழைச் சட்ட டாக்டர் (ஏழைகளுக்கான பொது உதவிச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) இலவசம். ஆனால் 1885 வரை அவரிடம் மருந்து வாங்கியவர் 'பிச்சைக்காரர்' கணக்கில் சேர்ந்து வாக்குரிமையை இழந்தார். அப்போதுதான் வாக்குப் பெறத் தொடங்கியிருந்த ஒரு தொழிலாளி, இலவச டாக்டரை விட்டுவிட்டு 13½ பென்ஸ் கொடுத்து பீச்சம் வாங்கினால் அதை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது.

டப்பாவே சரியான தேர்வாக இருந்த இடமும் உண்டு. கடைக்காரரும் டாக்டரும் இல்லாத இடம்: ஆஸ்திரேலியா போகும் குடியேறிகளின் கப்பல், ஆட்டுப் பண்ணை, மலைக் காவல் முகாம். அங்கே இயந்திரத்தில் அளவு மாறாமல் உருண்ட மாத்திரையும், மூடி இறுக்கிய குளோரோடைன் புட்டியும் கடைக்காரரின் பொட்டலத்தைவிட நெடுநாள் தாங்கும். எடுத்துப் போகிறவர் செய்ய வேண்டியது: மாத்திரை டப்பாவைத் தகரப் பெட்டியில் ஈரம் படாமல் வைப்பது, புட்டியை ஒவ்வொரு முறையும் குலுக்குவது, சொட்டுகளைக் கரண்டியில் எண்ணி ஊற்றுவது, குழந்தைகள் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டுவது. எரிசாராயமும் கடுகுத் தூளும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்று புண்ணுக்கு, மற்றது யாராவது கூடுதலாகக் குடித்துவிட்டால் வெந்நீரில் கலக்கி வாந்தி எடுக்க வைக்க.